பொருளும் பார்வையும்

வணக்கம் அம்மா,

என் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எட்டு மாதமாக மொரீஷியஸில், எபேன் சைபர்சிட்டியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிரான்ஸ் வாடிக்கையாளர்களின் பில்களைப் பதிவு செய்வதுதான் வேலை. அது எனக்கு நன்றாக வருகிறது. ஆனால் ஒரு மெயில் எழுத அரை மணி நேரம் ஆகிறது. விடுபட்ட பில் ஒன்றைக் கேட்டு பாரிஸில் இருக்கும் ஒரு அம்மையாருக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்றாவதில் 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' என்று போட்டு, அவருடைய மேலாளருக்கும் நகல் போகும்படி அவரைச் சிசியில் சேர்த்தேன். அவர் வருத்தப்பட்டு என் மேலாளருக்குப் போன் செய்துவிட்டார். மரியாதையாகத்தானே எழுதினேன்? எங்கே தவறு?

எபேனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் சொற்களில் மரியாதை இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மையார் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று நம் ஊரில் மனு எழுதுவோம். அதைத்தான் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள். தாலுகா அலுவலகத்தில் அந்த 'ஆவன' எது என்று இரண்டு பக்கமும் தெரியும். பாரிஸில் ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? எந்த பில், எந்த மாதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று நான்கையும் முதல் மூன்று வரிக்குள் சொல்லிவிட வேண்டும். அவர் யோசிக்க வேண்டிய வேலையை நாம் செய்து கொடுப்பதுதான் மெயிலில் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த அலுவலகக் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. முதல் இரண்டும் மெயிலில் தானாக வந்துவிடும். பொருள் வரியில் 'ரிமைண்டர்' என்று மட்டும் போட்டால் அவருக்கு அதைத் திறக்கவே தோன்றாது. 'மார்ச் மாத மின்கட்டண பில், வெள்ளிக்கிழமைக்குள் தேவை' என்று போட்டால், மெயிலைத் திறக்காமலே பாதி வேலை முடிந்தது. பார்வை என்ற வரியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். '12ஆம் தேதி நான் எழுதியதைத் தொடர்ந்து' என்று சொல்லி, பழைய மெயிலையும் கீழே விட்டு வையுங்கள். அவர் தேட வேண்டியிருக்காது, உங்கள் குரலையும் உயர்த்த வேண்டியதில்லை.

நினைவூட்டும்போது பிரெஞ்சுக்காரர்கள் 'ஸோஃப் எரேர் த மா பார்' என்று தொடங்குவார்கள். என் பக்கம் பிழை இல்லையென்றால், இந்த பில் இன்னும் வரவில்லை என்று பொருள். எதிரில் இருப்பவருக்கு முகம் வாடாமல் பதில் சொல்ல இடம் கொடுக்கிற வழக்கம் இது. எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம், போன்ஜூர், அதாவது வணக்கம், இல்லாமல் மெயிலைத் தொடங்கவே கூடாது. இங்கே கடையில் ரொட்டி வாங்கினாலும் போன்ஜூர் சொல்லிவிட்டுத்தானே கேட்கிறோம்.

சிசி விஷயம்தான் பெரியது. ஒரு பெயரை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதே ஒரு செய்தி. இந்தத் தீவில் அதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்றிருந்த வரிசை மாறி, இந்தி தமிழுக்கு முன்னால் போனது. எழுத்து அதேதான், இடம் மட்டும்தான் மாறியது. நம் ஆட்கள் பொறுக்கவில்லை. கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். சிசியில் மேலாளர் பெயரைப் பார்த்ததும் அந்த அம்மையாருக்கு நீங்கள் எழுதிய 'ப்ளீஸ்' கண்ணிலேயே பட்டிருக்காது. தன்மேல் புகார் போயிருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். இரண்டு மெயிலுக்குப் பதில் இல்லையென்றால் போனை எடுங்கள். அதற்குப் பிறகும் மேலாளரைச் சேர்க்க வேண்டி வந்தால், சேர்க்கப்போவதை முதலில் அவரிடமே சொல்லிவிடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். பாரிஸ் நமக்குக் குளிர்காலத்தில் மூன்று மணி நேரமும் கோடையில் இரண்டு மணி நேரமும் பின்னால் இருக்கிறது. நீங்கள் காலை எட்டு மணிக்கு அனுப்புவது அங்கே அலுவலகம் திறக்குமுன் போய், மற்ற மெயில்களுக்கு அடியில் கிடக்கும். தைப்பூசக் காவடிக்கு நமக்கு அரசு விடுமுறை, அவர்களுக்கு இல்லை. அதை ஒரு வாரம் முன்பே எழுதிவிட வேண்டும்.

புயலுக்கு அப்படி முன்கூட்டி எழுத முடியாது. 2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்று தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. அன்று நான் வீட்டிலிருந்து வாடிக்கையாளருக்கு எழுதியது மூன்றே வரி. சம்பளப் பட்டியல் முடிந்து அனுப்பியாகிவிட்டது. பில் பதிவு பாதியில் நிற்கிறது. நாளை உங்கள் நேரம் காலை பத்து மணிக்குள் நிலவரம் சொல்கிறேன். பத்து வரி மன்னிப்புக் கேட்பதைவிட அந்த மூன்றாவது வரிதான் அவர்களுக்குத் தைரியம் கொடுக்கும்.

சரி, இப்போது அந்த அம்மையாருக்கு என்ன எழுதுவது? இப்படி எழுதலாம்: 'போன்ஜூர் மதாம். போன மெயிலில் உங்கள் மேலாளரைச் சேர்த்தது என் தவறு, மன்னியுங்கள். எனக்குத் தேவைப்படுவது மார்ச் மாத மின்கட்டண பில் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அந்த மாதக் கணக்கை முடித்துவிடுவேன். அது உங்களிடம் இல்லையென்றால் யாரிடம் கேட்கலாம் என்று சொல்லுங்கள்.' இதைப் பிரெஞ்சில் எழுதி, கீழே 'அன்புடன்' என்பதுபோல் 'கோர்தியால்மான்' போட்டு, பக்கத்து இருக்கையில் இருக்கும் உள்ளூர்த் தோழியிடம் ஒருமுறை காட்டுங்கள். சின்ன வயதிலிருந்து பிரெஞ்சு படித்தவர்கள், ஒரு நிமிடத்தில் திருத்திக் கொடுப்பார்கள். பாரிஸில் மணி ஒன்பது ஆனதும் அனுப்புங்கள். சிசியில் யாரும் வேண்டாம்.