அவள் ஏன் வீட்டைக் காலி பண்ணவில்லை?

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கும் ஏழைப் பெண்ணையும் அந்த வீட்டுப் பேயையும் வைத்து நாவல் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்தை அனுப்பியுள்ளேன். படித்தவர்கள் எல்லோரும் “அவள் ஏன் காலி பண்ணிட்டுப் போகலை?” என்கிறார்கள். பேயை இன்னும் பயங்கரமாக்கவா?
– வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம். பேய் இருக்கிறபடியே இருக்கட்டும். “வறுமை வாட்டியது” என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு கடன், யாருக்கு என்று ஓரிடத்திலும் இல்லை. தொகையைச் சொல்லுங்கள், வாசகர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.

முதலில் அட்வான்ஸ். வாடகை 4,000, அட்வான்ஸ் 30,000 என்று வையுங்கள். 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. இவளிடம் ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. “அடுத்த ஆள் வந்தாத்தான் பணம்” என்கிறார் வீட்டுக்காரர். பேய் இருப்பது தெருவுக்குத் தெரிந்தால் அடுத்த ஆள் எப்படி வருவார்? ராத்திரி பாத்திரம் உருண்டதைப் பக்கத்து வீட்டில் கேட்டால் “பூனைங்க்கா” என்று சொல்லியே ஆகவேண்டும். பேயை ஊர் கண்ணில் படாமல் காப்பவளே அவள்தான். உங்கள் நாவலின் உயிர் இங்கே இருக்கிறது. இது வாசகருக்குத் தெரிவது மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்தது தண்டல். 10,000 ரூபாய்க் கடனுக்குக் கையில் வருவது 8,500. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அந்த நூறு நாளையே கதையின் காலமாக்குங்கள். நகையை விற்கலாமே என்று வாசகர் யோசிப்பார். அது ஏற்கெனவே அடகில் மூழ்கிவிட்டதாக ஒரு வரி போதும். பேய் ஓட்டும் கோடாங்கியிடம் போனால் ஒரு நாள் கூலி போகும், தட்சணை தனி.

பயத்தையும் கணக்கில் சேருங்கள். 60 வாட் குண்டு பல்பு ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் கேட்கிற வீட்டில் அது 180 ரூபாய். அந்த 180 ரூபாய்க்காக அவள் எழுந்து ஸ்விட்சில் விரல் வைக்கட்டும். அடுப்படியில் சத்தம் நிற்கிறது. அணைக்கிறாள். இப்போது சத்தம் பாய்க்குப் பக்கத்தில். இந்தக் காட்சியை அவசரப்படாமல் இரண்டு பக்கம் எழுதுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பேய் தண்டல்காரரை அடித்துப் போட்டுவிடும். கடன் தீர்ந்தால் அவள் கிளம்பிவிடலாம், பயமும் அங்கேயே தீர்ந்துவிடும். அவர் சாகத்தான் வேண்டும் என்றால், மறுநாள் காலை அதே கணக்கு நோட்டோடு அவர் தம்பியை வாசலில் நிறுத்துங்கள்.