ஆளே இல்லாத துறைக்கும் எண்ணிக்கை 1 என்று வருவது ஏன்?

எஸ்கியூஎல் (SQL) வினவலில் துறை டேபிளையும் பணியாளர் டேபிளையும் லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) மூலம் இணைத்து, துறைவாரியாகத் தொகுக்க குரூப் பை (GROUP BY) போட்டு, எண்ணுவதற்கு கவுண்ட்(*) எடுத்திருக்கிறீர்கள். பணியாளரே இல்லாத துறைக்கு 0 வராமல் 1 வருகிறது என்கிறீர்கள். டேட்டாபேஸ் தவறு செய்யவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் தந்திருக்கிறது.

லெஃப்ட் ஜாயின் இடப்பக்க டேபிளின் எந்த வரிசையையும் கைவிடாது. பொருந்தும் பணியாளர் கிடைக்காவிட்டால், அந்தப் பக்கத்து நெடுவரிசைகளை எல்லாம் ‘நல்’ (NULL, அதாவது மதிப்பு இல்லை) என்று நிரப்பி ஒரு வரிசையைத் தரும். கவுண்ட்(*) எண்ணுவது வரிசைகளை மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. அதனால்தான் 1. கவுண்ட்டில் * குறிக்குப் பதிலாக ஒரு நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால், நல் இருக்கும் இடங்களை விட்டுவிட்டு எண்ணும். ஆகவே பணியாளர் டேபிளின் பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு பணியாளரையும் தனித்துக் காட்டும் நெடுவரிசையைக் கொடுங்கள். உண்மையான பணியாளர் வரிசையில் அது ஒருபோதும் நல் ஆகாது, ஆளில்லாத துறையின் வரிசையில் மட்டும் நல்லாக இருப்பதால் 0 வரும். தொலைபேசி எண் போன்ற ஒன்றைக் கொடுத்தால், எண் பதியாத பணியாளர் கணக்கில் விடுபட்டுப்போவார்.

இன்னொன்றையும் கட்டாயம் கவனியுங்கள், பலரும் தடுமாறும் இடம் இது. ‘2020க்குப் பின் சேர்ந்தவர்கள்’ என்ற நிபந்தனையை ‘வேர்’ (WHERE) பகுதியில் எழுதினால் நல் வரிசைகள் வடிகட்டப்பட்டு, 0 காட்ட வேண்டிய துறைகளே காணாமல் போகும். அதை ஜாயினின் ‘ஆன்’ (ON) பகுதியில் எழுதுங்கள். எண்ணிக்கையை வைத்து வடிகட்டுவதற்கு ‘ஹேவிங்’ (HAVING) இருக்கிறது.