யாருக்குப் போன் செய்து ரொம்ப நாளாச்சு? நட்புச் செயலிகள் பற்றிய கேள்வி பதில்

சொந்தபந்தங்களோடும் நண்பர்களோடும் தொடர்பு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள எந்தச் செயலி நல்லது என்று போன வாரம் இங்கே சிங்கப்பூரில் ஒருவர் கேட்டார். ஆறு வருஷமாக நான் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால், தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

அக்கா, மூன்று செயலி இறக்கிப் பார்த்தேன். போனில் இருந்த 400 பேரையும் உள்ளே ஏற்றினேன். ஒரே வாரத்தில் அலுத்துப்போய் எடுத்துவிட்டேன். எது நன்றாக இருக்கும்? (செங்காங்)

அந்த 400-தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது தங்கச்சி, எந்தச் செயலியாக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அந்த 400-ல் குழாய் ரிப்பேர்க்காரர், பழைய வீட்டு ஏஜண்ட், பிள்ளையின் டியூஷன் டீச்சர் எல்லாரும் இருப்பார்கள். அவர்களோடு எல்லாம் "தொடர்பில் இருங்கள்" என்று தினமும் ஒரு செயலி சொன்னால் யாருக்கும் வெறுத்துப்போகும். ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1990-களில் தொடங்கி ஒரு கணக்குச் சொல்லிவருகிறார்: ஒருவரால் உயிரோட்டமாக வைத்துக்கொள்ள முடிகிற உறவுகள் ஏறத்தாழ 150, அதற்குள்ளே 50, அதற்குள்ளே 15, நடுவில் 5. இந்த எண்கள் சரியா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், ஆனால் அந்த அடுக்கு என்ற எண்ணம் செயலி வைத்துக்கொள்ள நல்ல வழிகாட்டி. நடுவில் இருக்கும் ஐந்து பேருக்கு நினைவூட்டல் தேவையே இல்லை. அம்மாவைச் செயலியில் போடாதீர்கள். அடுத்த பத்துப் பேர் இருக்கிறார்களே, "ரொம்ப நாளாச்சே" என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போடுகிற அந்தப் பத்துப் பேர், அவர்களை மட்டும் போட்டு ஆரம்பியுங்கள்.

தேசிய சேவை முடித்துவிட்டு இப்போதுதான் படிக்கப் போகிறேன். மாதாமாதம் காசு கட்டும் செயலி எல்லாம் கட்டுப்படியாகாது. இலவசமாக ஏதாவது?

தம்பி, கையில் இருக்கிற போனே போதும். தொடர்புப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே குறிப்பு எழுத இடம் இருக்கிறது, பிறந்தநாள் போட இடம் இருக்கிறது. பெரும்பாலான பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பேசி முடித்ததும் இரண்டு வரி அங்கே எழுதுங்கள். நாள் நினைவூட்டலுக்குக் கேலண்டர் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. கேலண்டரில் "மாதம் ஒருமுறை" என்று போட்டால் அது 1-ஆம் தேதி வந்தால் அடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் முந்தாநாள்தான் அவனோடு கோப்பிக்கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கடைசியாகப் பேசிய நாளிலிருந்து எண்ணுகிற நினைவூட்டல்தான் நமக்கு வேண்டும். டூடுயிஸ்ட் என்ற வேலைப் பட்டியல் செயலியின் இலவசப் பதிப்பிலேயே அது உண்டு: எவ்வரி (every) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் ஒரு ஆச்சரியக்குறி போட்டு எத்தனை வாரம் என்று எழுதினால், நீங்கள் முடித்ததாகக் குறித்த நாளிலிருந்து கணக்கு ஓடும். காசு கொடுத்து எந்தச் செயலி வாங்கினாலும் முதலில் இதைச் சோதியுங்கள். இது இல்லாத செயலி, என்னைப் பொறுத்தவரை, வேண்டாம்.

வாட்ஸ்அப் குழு போதாதா?

போதாது. குழுவில் காலை வணக்கம் படம் போட்டால் முப்பது பேரோடு பேசிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வரும், ஆனால் ஒருவரோடும் பேசியிருக்க மாட்டோம்.

மோனிகா, டெக்ஸ் என்ற இரண்டு செயலிகளில் எது?

இரண்டும் வேறு வேறு வேலைக்கு. டெக்ஸ், லிங்க்ட்இன் தொடர்புகளையும் மின்னஞ்சலையும் கேலண்டரையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். வேலை மாறப்போகிறவர்கள், வியாபாரத்தில் இருப்பவர்கள், நிறையப் பேரைச் சந்திக்கிறவர்கள் அதைப் பாருங்கள். மோனிகா திறந்த மூலச் செயலி, அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கணினி தெரிந்தவர்கள் தங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். அது கேட்கிற விவரங்களே வேறு மாதிரி: யாருடைய பிள்ளை யார், எங்கே முதலில் பழக்கமானோம், என்ன பரிசு கொடுத்தோம், யாருக்கு யார் கடன் தரணும். முதல்முறை திறந்தபோது எனக்கு எங்கள் தாத்தாவின் மொய் நோட்டுத்தான் ஞாபகம் வந்தது. யார் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள், எந்த ஊர், எந்த வழி உறவு என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார், ஒரு பத்திரிகை வந்தால் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். உறவை எழுதி வைத்துக் காப்பாற்றுவது நமக்குப் புதுசு இல்லை. குடும்பம், நட்பு என்றால் நான் மோனிகா பக்கம்தான். ஆனால் சர்வர், நிறுவல் என்றாலே தலை சுற்றுகிறவர்கள் அதில் இறங்க வேண்டாம், மேலே தம்பிக்குச் சொன்னதே நல்லது.

அப்பாவின் திதி, பேரப்பிள்ளைகளின் நட்சத்திரப் பிறந்தநாள் இதையெல்லாம் எந்தச் செயலியில் போடுவது அம்மா? வருஷா வருஷம் தப்பான தேதியில் மணி அடிக்கிறது. (ஜூரோங், வயது 68)

ஐயா, நான் பார்த்த நட்புச் செயலி எதிலும் இதற்கு வழி இல்லை. அவை ஆங்கிலத் தேதியை மட்டும்தான் திருப்பிச் சொல்லும். திதி சந்திரனை வைத்து வருவதால் ஒரு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் போகும், இன்னொரு வருஷம் ஒரேயடியாகப் பின்னால் தள்ளும். நான் செய்வது இதுதான்: அப்பாவின் பெயருக்குக் கீழே குறிப்பில் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் நடுவில், தமிழ் வருஷப் பிறப்பன்று, "பஞ்சாங்கம் பார்த்துத் தேதி போடு" என்று ஒரு நினைவூட்டல். அன்றைக்கு உட்கார்ந்து அந்த வருஷத்துத் திதிகள், நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் கேலண்டரில் ஏற்றிவிடுவேன், அரை மணி நேர வேலை. இன்னொன்று, ஊர்ப் பஞ்சாங்கத்துக்கும் இங்கே உள்ளதற்கும் சில சமயம் ஒருநாள் வித்தியாசம் வரும், இங்கே சூரியன் உதிக்கும் நேரம் வேறு. கோயில் ஐயரிடம் ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தங்கும்விடுதியில் இருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் நாலு கம்பெனி. கூட வேலை பார்த்த பசங்க ஒவ்வொருத்தனா ஊருக்குப் போய்விட்டான், நம்பர் எல்லாம் செத்துப்போச்சு. எனக்கு எந்த ஆப் உதவும்?

தம்பி, உங்கள் கேள்விதான் இருக்கிறதிலேயே முக்கியமானது. உங்களுக்குத் தேவை செயலி இல்லை, எண்கள் தொலையாமல் இருக்க வழி. முதலில் எண்கள் சிம் கார்டிலா, கூகுள் கணக்கிலா, எதில் சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். சிம்மில் என்றால் இன்றைக்கே கணக்குக்கு மாற்றுங்கள், போன் உடைந்தாலும் நாடு மாறினாலும் கூடவே வரும். எல்லா எண்ணையும் +91, +65 என்று முன்னால் போட்டே சேமியுங்கள், இல்லையென்றால் ஊருக்குப் போனதும் வாட்ஸ்அப் பாதிப் பேரை அடையாளம் காணாது. ஒரு நண்பர் ஊர் திரும்பப் போகிறார் என்றால், கிளம்புவதற்கு முன் அவருடைய ஊர் நம்பரையும், வீட்டில் இன்னொருவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே போகும்போது வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதி இருக்கிறது. கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்காமல் அந்த வசதி வழியாக மாற்றினால் குழுக்கள் அப்படியே இருக்கும், யார் யாருக்குப் புது எண் தெரிய வேண்டும் என்றும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இங்கே விட்டுவிட்டுப் போகும் நம்பர் பிறகு வேறு ஒருவருக்குப் போய்விடும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், ஊரில் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஞாயிறு காலை இங்கே எட்டரை என்றால் அங்கே ஆறு. மத்தியானத்துக்கு மேல் கூப்பிடுங்கள், எடுப்பார்கள்.

செயலியையே மூடிவிட்டால்?

மூடுவார்கள். இங்கே நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் ஃபிரெண்ட்ஸ்டர் என்ற சமூக வலைத்தளம் ஞாபகம் இருக்கும், 2011-இல் பழைய படங்களும் செய்திகளும் போயின. அதே மாதிரியான ஆர்குட் 2014-இல் மூடியது. ஐம்பது நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது என்ற வரம்போடு 2010-இல் வந்த பாத் என்ற செயலி, பிறகு வரம்பை 150 ஆக்கிப் பார்த்தது, 2018-இல் அதுவும் போனது. அதனால் எழுதியதை முழுதாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்தும் வையுங்கள்.

நண்பர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் எழுதி வைப்பது சட்டப்படி தப்பா?

இங்கே உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் சட்டத்தை விட எனக்கு முக்கியமானது, அந்த நண்பர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் அவர் முகம் வாடுமா என்பது. நோய், கடன், புருஷன் பெண்டாட்டிச் சண்டை இவற்றை நான் எழுதுவதே இல்லை. புதுச் செயலி முழுத் தொடர்புப் பட்டியலையும் கேட்டால் மறுத்துவிட்டு, பத்துப் பெயரைக் கையால் அடியுங்கள்.

"போன் ஞாபகப்படுத்தித்தானே கூப்பிட்டாய்" என்று என் தோழி வருத்தப்பட்டாள். எனக்கு மனசே சரியில்லை.

புரிகிறது அக்கா. நான் இதற்குள் வந்த கதையைச் சொல்கிறேன். தொடக்கக்கல்லூரியில் இரண்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட தோழி, நான் யீஷூன், அவள் உட்லண்ட்ஸ், எம்ஆர்டியில் கால் மணி நேரம்கூட இல்லை. அவளுடைய அப்பா தவறி நாலு மாசம் கழித்து, தேக்கா சந்தையில் வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள்மேல் எனக்குப் பாசம் குறைந்ததே இல்லை, தினமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். நினைத்தது அவளுக்கு எப்படித் தெரியும்? மறக்கிறவள் நான் என்று எனக்குத் தெரிந்ததால், மறக்காமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். இப்படியே உங்கள் தோழியிடம் சொல்லிப் பாருங்கள். மணி அடித்ததும் அவசர அவசரமாகக் கூப்பிட்டு இரண்டு நிமிஷத்தில் வைத்திருந்தால் மட்டும், அவர் வருத்தம் நியாயம்.

குறிப்பில் என்னதான் எழுதுவது? "நலம்" என்று எழுதி நிறுத்திவிடுகிறேன்.

நடந்து முடிந்ததை எழுதாதீர்கள், அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை எழுதுங்கள். "மகனுக்கு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), நவம்பர் கடைசியில் முடிவு" என்று எழுதினால் அடுத்த போன் எப்போது, என்ன கேட்க என்பது இரண்டும் அதிலேயே வந்துவிடும். நான் கடைசியாக எழுதியது அந்த உட்லண்ட்ஸ் தோழிக்கு: "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வியாழன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரசம் வைத்து எடுத்துப் போகணும்."