பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களில் காதலர்கள் ஏன் ஓயாமல் வாய்ச்சண்டை போடுகிறார்கள்?

1930களின் நடுவிலிருந்து 1940களின் தொடக்கம் வரை ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் எடுத்த, ஆணும் பெண்ணும் சரிக்குச் சரியாக வாதிட்டபடியே காதலில் விழும் வேகமான நகைச்சுவைப் படங்களை ஸ்க்ரூபால் காமெடி என்பார்கள். இந்த வாய்ச்சண்டைக்கு முக்கியமான காரணம் தணிக்கை. 1930இல் ஸ்டுடியோக்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதிகள், 1934ஆம் ஆண்டின் நடுவில் ஜோசப் பிரீனின் பொறுப்பில் கறாராக நடைமுறைக்கு வந்தபின், படுக்கையறை நெருக்கம் திரையில் அரிதாயிற்று. நாடக மேடையிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் வந்த எழுத்தாளர்கள் அந்த நெருக்கத்தை உரையாடலுக்குள் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் நிறைந்த கூட்டுக்குடும்பத்தில் புதுமணத் தம்பதியர் ஒருவரையொருவர் சீண்டிப் பேசியே அன்பைக் காட்டிக்கொள்வது போன்றது இது.

மிகச் சாமர்த்தியமான வழி என்று நான் கருதுவது, பிரிந்த தம்பதியரை மீண்டும் சேர்த்துவைக்கும் கதை. 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937), 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) ஆகிய இரண்டிலும் நாயகனாக வரும் கேரி கிராண்ட் துரத்துவது, தன்னை விட்டுப் பிரிந்த மனைவியையே. ஏற்கெனவே மணம் புரிந்தவர்கள் என்பதால், பேச்சில் நெருக்கம் வெளிப்பட்டாலும் தணிக்கையாளருக்கு உறுத்தல் குறைவு. பின்னதில், ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கும்படி இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் வசனங்களை அமைத்தார் (எல்லாவற்றையும் பிடிக்க இரண்டாம் முறை பார்க்கத்தான் வேண்டும்).

இவ்வகைப் படங்களே தணிக்கையால் பிறந்தவை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்', நாயகனுக்கும் நாயகிக்கும் நடுவே போர்வையைத் தொங்கவிடும் அதன் புகழ்பெற்ற காட்சியோடு, அந்தக் கெடுபிடி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, 1934 பிப்ரவரியில் திரைக்கு வந்துவிட்டது.