செகண்ட் ஹேண்டில் பஜாஜ் டாமினார் 400 பைக் வாங்கியிருக்கிறேன். முதல் லாங் ரைடுக்கு முன் என்னென்ன சர்வீஸ் செய்ய வேண்டும்?

நீங்கள் கொடுத்த விவரம் இது: 2019 மாடல், 14,000 கி.மீ., சென்னையில் ஒரே ஓனர், கடைசி இரண்டு மூன்று வருடம் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு நின்றது. "ஆயில் மட்டும் மாத்திட்டு ஓட்டுங்க" என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் வால்பாறை போகத் திட்டம். சர்வீஸுக்கு எங்கே விடுவது, டாப் பாக்ஸ், கிராஷ் கார்டு, ஃபாக் லைட் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் 14,000 கிலோமீட்டரைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுவார்கள். எனக்கு உறுத்துவது அந்தக் கவர். ஓடினால் தேய்கிற பாகங்கள் சில: செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், கிளட்ச் பிளேட். ஓடாமல் நின்றாலும் வயதாகிற பாகங்கள் வேறு: டயர், பிரேக் ஆயில், கூலண்ட், பேட்டரி, ஹோஸ், ஃபோர்க் ஆயில் சீல். உங்கள் வண்டியில் முதல் வகை அநேகமாக நன்றாகவே இருக்கும். இரண்டாவது வகைக்குக் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது, வருடக் கணக்கும் வேண்டும். அதனால் விற்றவர் சொன்னதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இரண்டாவது வகையில் இருக்கிற ஒவ்வொன்றையும் உங்கள் கையால் இன்றைய தேதிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் எதை எப்போது மாற்ற வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

டயரிலிருந்து தொடங்கலாம். பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் நீளமாக ஒரு குறியீடு வரும். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரான டயர். ஒரு பக்கத்தில் இந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். கம்பெனியிலிருந்து வந்த டயரே இன்னும் இருந்தால், பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) எவ்வளவு பாக்கி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பள்ளங்களுக்குள் நகத்தால் விரித்துப் பார்த்தால் மெல்லிய வெடிப்பு தெரியும். ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈரமான ரோட்டில் பிடிக்காது. முன்னால் 110/70, பின்னால் 150/60, இரண்டும் 17 இஞ்ச் ரேடியல். இதே சைஸில் வாங்குங்கள், "பின்னாடி அகலமா போட்டா கெத்தா இருக்கும்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். மொத்தச் செலவில் இதுதான் பெரியது. புது டயர் போட்ட முதல் நூறு, நூற்றைம்பது கி.மீ. மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், மேல்பரப்பின் வழுவழுப்பு போகும் வரை சாய்த்து வளைக்க வேண்டாம்.

அடுத்தது பிரேக் ஆயில். வால்பாறை போகிறவருக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை. ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன டப்பாவின் ஜன்னலைப் பாருங்கள். புது ஆயில் வெளிறிய மஞ்சளாக இருக்கும். டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அது பல வருடப் பழசு. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) வகைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதே அளவுகோல் 155 டிகிரி. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டே வருவோம், காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சூடேறிக்கொண்டே போகும். உள்ளே ஆயில் கொதித்து ஆவி உண்டானால், நீங்கள் லீவரை அழுத்துவது அந்த ஆவியைத்தான் நசுக்கும், பேடுக்கு அழுத்தம் போகாது. லீவர் பஞ்சு மாதிரி ஹேண்டில் வரை வந்துவிடும்.

கடையில் நிற்கும் பையன், "லெவல் இருக்குல்லண்ணே, அப்புறம் எதுக்கு மாத்தணும்? வேணும்னா டாப்-அப் பண்ணிடறேன்" என்பான். விடாதீர்கள். லெவல் இறங்குவது பெரும்பாலும் பேட் தேய்வதால். நிறம் கெடுவது வேறு கதை. முழு ஆயிலையும் இறக்கிப் புதிது ஏற்றி, பிளீட் செய்யச் (உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றச்) சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். காலிபரில் இருக்கும் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) ஒரு ட்யூப் மாட்டி, லீவரை அழுத்திப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். ட்யூபில் குமிழி வருவது நின்று, புது நிறம் வரும்வரை இது தொடரும். இடையில் மேலே டப்பா காலியானால் காற்று உள்ளே போய் வேலை முதலிலிருந்து ஆரம்பிக்கும். டேங்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்டைத் தின்றுவிடும். டாட் 5 என்று சிலிகான் வகை ஒன்று இருக்கிறது, அது இந்த வண்டிக்கு ஆகாது. பேட்டை வெளியே எடுத்த கையோடு காலிபரின் ஸ்லைட் பின்களைச் சுத்தம் செய்து பிரேக்குக்கான கிரீஸ் தடவிவிடலாம். நின்ற வண்டியில் அவை இறுகியிருக்கும். இத்தனைக்கும் பெரிய செலவு ஆகாது.

கூலண்ட்டையும் முழுக்க இறக்கி மாற்றுங்கள். துருப்பிடிக்காமல் காக்கும் சரக்கு அதில் காலப்போக்கில் தீர்ந்துவிடும். யாராவது இடையில் போர் தண்ணீரை ஊற்றியிருந்தால் உப்பு படிந்திருக்கும், சென்னைத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலந்து வருகிற கூலண்ட் வாங்குங்கள், இல்லையென்றால் கலக்காத கூலண்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே கலக்க வேண்டும். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. புதிது ஊற்றிய பின் வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று காத்திருந்து பாருங்கள்.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எத்தனையோ பார்க்கிங்குகள் மூழ்கின. உங்கள் வண்டி அப்போது எங்கே நின்றது என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் சீட்டைக் கழற்றிப் பாருங்கள். ஃப்ரேம் மூலைகளில் காய்ந்த மண், ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு, கனெக்டர் பின்களில் பச்சைப் பூப்பு, இதில் எது இருந்தாலும் தண்ணீருக்குள் நின்ற வண்டியாக இருக்கலாம். இன்ஜின் ஆயில் வெளுத்து நுரைத்தாற்போல் இருந்தால் ஸ்டார்ட்டே செய்யாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கவர் போட்டு நிற்கிற வண்டி எலிக்கு வாடகையில்லாத வீடு, ஒயரைக் கடித்து வைத்திருக்கும்.

பேட்டரிக்கு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 13.8லிருந்து 14.5க்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை, சார்ஜிங் பக்கம்தான் பழுது.

டேங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் இறக்கிவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்தது, அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

செயினை ஒரே இடத்தில் ஆட்டிப் பார்த்துவிட்டு "டைட் பண்ணிட்டேன்" என்பது வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். பேடாக் ஸ்டாண்டில் (பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும் ஸ்டாண்ட்) ஏற்றி, பின் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடங்களில் தொய்வை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் தளர்வாகவும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் சீராக நீளவில்லை, அல்லது சில லிங்க்குகள் துருப்பிடித்து மடங்காமல் நிற்கின்றன. அப்போது செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். சரியாக இருந்தால், விறைப்பான இடத்தை வைத்து மேனுவலில் சொன்ன அளவுக்கு அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலிலோ இரும்பு பிரஷ்ஷிலோ கழுவக் கூடாது.

கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) பார்க்க முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். நேராக வரும் இடத்தில் லேசாகக் கவ்வி, பிறகு விடுவது போல் தெரிந்தால் பேரிங் போயிற்று. நெடுஞ்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி, நேராக நிற்காத மாதிரி ஓர் எரிச்சல் இருந்துகொண்டே இருக்கும். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்றுங்கள், அந்த எண்ணெய் வழிந்து டிஸ்க் வரை போகும்.

இன்ஜின் வேலைதான் இதில் சுலபம். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக்குகள். ஒன்றுக்கு மேல் பிளக் இருக்கிறது, எல்லாவற்றையும் மாற்றுங்கள், "ஒண்ணு மாத்தினா போதும்" என்பவரிடம் விடாதீர்கள். ஆயிலின் கிரேடு மேனுவலில் இருப்பதுதான், டப்பாவில் ஜாஸோ எம்.ஏ.2 (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறியீடு) என்று இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

எங்கே விடுவது என்று கேட்டிருந்தீர்கள். முதல் சர்வீஸை ஷோரூமில் விடுங்கள். வண்டி நம்பரை வைத்துப் பழைய சர்வீஸ் விவரம் அவர்கள் கம்ப்யூட்டரில் கிடைக்க வாய்ப்புண்டு, 14,000 உண்மையா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஆனால் மேலே சொன்னதை ஜாப் கார்டில் வரிவரியாக எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் எழுதினால் வாட்டர் வாஷும் ஆயிலும்தான் கிடைக்கும். கோன் செட், செயின் மாதிரி வேலைக்கு நிதானமாகச் செய்கிற வெளி மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அவரிடமே போகலாம். ஆர்.சி. பெயர் மாற்றம் ஒரு பக்கம் நடக்கட்டும், இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதை முடிக்காமல் மலை ஏற வேண்டாம்.

எல்லாம் முடிந்த கையோடு நேராக வால்பாறை போகாதீர்கள். ஒரு ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வாருங்கள். திரும்பியதும் கழற்றி மாட்டிய நட்டுகள், கூலண்ட் லெவல், செயின் தொய்வு, காலிபர் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாப் பாக்ஸ், கிராஷ் கார்டு, ஃபாக் லைட் எல்லாம் வாங்கலாமா என்ற கேள்விக்கு: கிராஷ் கார்டு சரி. மற்றவை டயர் வாங்கிய பிறகு காசு மிஞ்சினால். இரண்டு பேர் சாமானோடு போவதாக இருந்தால் பின்னால் மோனோஷாக்கின் (பின் சக்கர ஷாக் அப்சார்பர்) ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டி, டயர் காற்றையும் பில்லியன் (பின்னால் ஆள் உட்காரும்) கணக்குக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் காசே ஆகாது.