வம்பும் ஒரு பாடம்தான்

அன்புள்ள ஐயா,

மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் காது கேளாத பையன் ஒருவன் இருக்கிறான். மெஷின் மாட்டியிருக்கிறான். போர்டில் இருப்பதை முத்து முத்தாக எழுதிக்கொள்வான். "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டுவான். கேள்வி கேட்டால் பதில் வராது. சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினால் போதுமா? சைகை மொழி கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் சைகை பழகினால் வருகிற பேச்சும் போய்விடும் என்கிறார் ஹெட்மாஸ்டர். நல்ல செயலி இருந்தால் சொல்லுங்கள்.

- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

செயலியை விடுங்கள். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது. அங்கே தொடங்குங்கள்.

கத்தாதீர்கள். உங்கள் குரலோடு ஃபேன் சத்தத்தையும் பெஞ்சு இழுபடுவதையும் சேர்த்தே மெஷின் பெரிதாக்கும். கத்தினால் வாய் வேறு கோணிக்கொள்ளும், உதட்டைப் பார்த்தும் பிடிக்க முடியாது. 'பாலை'யும் 'மாலை'யும் உதட்டில் ஒன்றுதான். கண்ணாடி முன் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். நீங்களோ பாலைவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போர்டு பக்கம் திரும்பிவிடுவீர்கள். அதோடு அவனுக்கு வகுப்பு முடிந்தது.

அப்புறம், அந்த "புரிஞ்சுதா?" உங்கள் நிம்மதிக்காகக் கேட்பது. தலையாட்டினால் டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார் என்பதைத்தான் அவன் பள்ளிக்கூடத்தில் முதலில் கற்றிருப்பான். "வைகை எங்கே தொடங்குது, மேப்பில் காட்டு" என்று கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது என் சித்தப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம் அல்லவா. பிறவியிலேயே காது கேளாதவர். தாத்தா தோளில் உட்கார்ந்து வருஷம் தவறாமல் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்தவர். தங்கக் குதிரை, துருத்தியில் பீய்ச்சும் தண்ணீர், பச்சைப் பட்டு தெரிந்ததும் கூட்டம் பொங்குவது எல்லாம் கண்ணால் கண்டவர். அழகர் ஏன் வருகிறார், பச்சைக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று யாரும் சொன்னதில்லை. கேட்டால் கைகூப்பிக் காட்டுவார்கள். சாமி, அவ்வளவுதான்.

எங்களை மட்டும் உட்காரவைத்தா சொன்னார்கள்? தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பியவர், வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட, கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போய்விட்ட கதை அப்பத்தா யாரிடமோ சொல்லும்போது காதில் விழுந்ததுதான். காது கேட்கிற பிள்ளைக்குப் பாதி அறிவு ஒட்டுக்கேட்டு வருவது. சித்தப்பாவுக்கு வீட்டில் கிடைத்ததெல்லாம் ஏவல். வா, சாப்பிடு, கடைக்குப் போ. எல்லாரும் சிரிக்கும்போது கையைத் திருப்பி "என்ன?" என்பார். "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

பிறகு வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளி. வகுப்பில் கை அசைந்தால் ஸ்கேலால் அடி. ராத்திரி லைட் அணைக்கும்வரை விடுதியில் கையாலேயே அரட்டை. அழகர் கதை அங்கேதான், ஒரு பெரிய பையனிடமிருந்து அவருக்குக் கிடைத்தது. லீவுக்கு வந்தவர் அப்பத்தா முன்னால் நின்று, தாலி முடிச்சுப் போட்டுக் காட்டி, குதிரையைத் திருப்பிக் காட்டி, தன் நெஞ்சில் தட்டி, புருவத்தைச் சுருக்கி, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அப்பத்தா அப்போதும் சாப்பிட வா என்றுதான் சைகை காட்டினாராம்.

அதனால் பாடம் மட்டும் போதாது, டீச்சர். யார் யாரோடு டூ விட்டார்கள், பின் பெஞ்சில் ஏன் சிரித்தார்கள், இன்று யாருக்குத் திட்டு விழுந்தது, இந்த வம்பெல்லாம் அவனுக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் சைகை படித்து என்ன ஆகப்போகிறது? வகுப்பு முழுவதுக்கும் சொல்லிக்கொடுங்கள். டீச்சருக்குக் கேட்காமல் பேச ஒரு மொழி கிடைக்கிறது என்றால் விடுவார்களா, உங்களுக்கு முன்னால் பிடித்துக்கொள்வார்கள். மதுரையில் சைகையில் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வாரம் ஒருநாள் வரச்சொல்லுங்கள். வீடியோ பார்த்து யாருக்கும் அரட்டை வராது.

ஹெட்மாஸ்டர் சொல்வது 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாட்டின் குரல். பேச்சே உயர்ந்தது, வகுப்பில் சைகை கூடாது என்று பெரும்பாலும் காது கேட்கிற வாத்தியார்களே கூடித் தீர்மானம் போட்டார்கள். அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் 2010இல் வான்கூவரில் அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு வருத்தமும் தெரிவித்தாகிவிட்டது. மேலூருக்குச் சேதி இன்னும் வரவில்லை போல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆவது பிரிவு. காது கேளாத பிள்ளைக்கு அவனுக்கு ஏற்ற மொழியிலும் முறையிலும் கற்பிக்க வேண்டும் என்று இருக்கிறது. அச்செடுத்து அவர் மேஜையில் வையுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.