எம்.பி.க்களின் வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வரிப்பணம் தரலாமா?

வீட்டுக்குத் தரலாம். தொகுதியில் ஒரு வீடு, டெல்லியில் இன்னொன்று என்பது பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அரசு வீடு இல்லையென்றால் சாதாரண ஆள் எம்.பி. ஆகவே முடியாது. ஆனால் ஆண்டுக்கு 50,000 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது அநியாயம். சராசரியாக மாதம் நாலாயிரம் யூனிட்டுக்கு மேல் வருகிறது. எந்தக் குடும்பத்துக்கு இவ்வளவு தேவை?

சாப்பாட்டுக்குத் தினப்படி இருக்கிறது: 2023 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு 2,500 ரூபாய், வருமான வரியும் கிடையாது. நாடாளுமன்ற உணவக மானியம் 2021-இல் நின்றது சரியான முடிவு; ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை ஏன் கொடுக்க வேண்டும்?

ஓட்டை வேறிடத்தில். கூட்டத்தொடரில் வருகையைப் பதிவு செய்தால் தினப்படி உண்டு. எத்தனை மணி நேரம் அவையில் இருந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. தொகையைக் குறைப்பதைவிட இதைத்தான் முதலில் திருத்த வேண்டும்.